ஃபைல் இருக்கிறது, இல்லை என்கிறது: ஸ்கிரிப்ட் பிழைச் செய்திகளை அறிகுறி வழியே பிடிப்பது

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு சமூக மன்ற அறையில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் இரவு வேலை முடித்துவிட்டுத் தூக்கத்தை ஒத்திவைத்து வரும் தம்பிகளும், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் உண்டு. மூன்று ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்: "அக்கா, ஃபைல் இங்கேதான் இருக்கு. ஆனா இல்லைன்னு சொல்லுது."

இவர்களுடைய நேரத்தைத் தின்பது பெரும்பாலும் பிழை கிடையாது. பிழைச் செய்தியை அப்படியே நம்பி, அது கைகாட்டிய இடத்தைத் தோண்டுவதுதான். ஒரு தம்பி ஒரே வாரத்தில் மூன்று முறை பைத்தானை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருந்தார். அவருக்கு இருந்த கோளாறு கண்ணுக்குத் தெரியாத ஒரே ஓர் எழுத்து. வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு உள்ள ஒருவருடைய அந்த மணிநேரங்களை நினைத்தால் எனக்கு மனது தாங்கவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

செய்தியைப் படிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் சொல்வது யார்? ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும்போது பலர் கைமாற்றி வேலை செய்கிறார்கள். நாம் தட்டிய கட்டளையை வாங்குவது ஷெல். அது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒப்படைக்கிறது. கெர்னல் இன்டர்ப்ரெட்டரை எழுப்புகிறது. இன்டர்ப்ரெட்டர் நம் வரிகளைப் படித்து லைப்ரரிகளைக் கூப்பிடுகிறது. யார் கையில் வேலை நின்றதோ அவர் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வார். வரி 'பாஷ்' என்று தொடங்கினால் பேசுவது ஷெல். பைத்தான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. 'ட்ரேஸ்பேக்' என்று தொடங்கினால் பைத்தான் எழுந்து ஓடிவிட்டது. ஸ்கிரிப்டை ஓட்டும் அனுமதியையும் முதல் வரியையும் பற்றிய சந்தேகங்களை அங்கேயே விட்டுவிடலாம்.

கட்டளைகளையும் செய்திகளையும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்வது போலவே கீழே எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் வரும்.

அறிகுறி: ஃபைல் கண்முன்னே இருக்கிறது, 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்கிறது

ஸ்கிரிப்டைப் புள்ளி-சாய்கோடு போட்டு நேரடியாக ஓட்டுகிறீர்கள். 'எல்எஸ்' அடித்தால் ஃபைல் பட்டியலில் இருக்கிறது. ஓட்டினால் இல்லை என்கிறது. 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்ற சொல்லும் கூடவே வந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சில ஷெல்கள் அதைச் சொல்லாமல் 'நாட் ஃபவுண்ட்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும்.

இல்லாதது உங்கள் ஃபைல் கிடையாது. முதல் வரியில் ஹேஷும் ஆச்சரியக்குறியும் போட்டு எழுதியிருக்கிறீர்களே, அங்கே பெயர் சொல்லியுள்ள இன்டர்ப்ரெட்டர்தான் இல்லை. கெர்னல் அந்த இரண்டு குறிகளைப் பார்த்ததும், அதற்குப் பின் வரும் பாதையைத் தேடிப் போகிறது. கிடைக்கவில்லை என்றால் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. எந்த ஃபைல் என்று அந்த எண்ணில் இல்லை. ஷெல் தன் கையில் உள்ள பெயரை, அதாவது உங்கள் ஸ்கிரிப்டின் பெயரை, முன்னால் ஒட்டிச் சொல்லிவிடுகிறது.

'யூஎஸ்ஆர் பின் பைத்தான்3' நிச்சயமாக இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பாதையின் கடைசியில் பாருங்கள். விண்டோஸில் எழுதிய ஃபைலில் ஒவ்வொரு வரியும் 13, 10 என்ற இரண்டு பைட்களோடு முடியும். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். மிச்சமுள்ள 13 வரியோடு ஒட்டிக்கொள்ள, கெர்னல் தேடுவது 'பைத்தான்3' என்ற பெயரை அல்ல. வாலில் ஒரு கட்டுப்பாட்டு எழுத்து ஒட்டிய பெயரை. செய்தியில் 'பைத்தான்3' என்பதை அடுத்துக் கூரைக்குறியும் எம்மும் தெரிந்தாலோ, பின்சாய்கோடும் ஆரும் தெரிந்தாலோ, சந்தேகமே வேண்டாம்.

உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. 'பைத்தான்3' என்று தட்டி, அடுத்து ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். ஓடினால் கோளாறு முதல் வரியில்தான். பைத்தான் இரண்டு விதமான வரி முடிவையும் ஏற்றுக்கொள்ளும், கெர்னல் ஏற்காது. 'ஃபைல்' என்ற கட்டளை கொடுத்தாலும் 'சிஆர்எல்எஃப்' என்று சொல்லிவிடும். விஎஸ் கோடில் கீழே வலது மூலையில் அதே நான்கு எழுத்துகள் இருக்கும். சொடுக்கி 'எல்எஃப்' ஆக மாற்றிச் சேமிக்கலாம். லினக்ஸில் 'டாஸ்2யூனிக்ஸ்' ஒரே நொடியில் முடிக்கும். கோடின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கிட் வழியாகப் பகிர்கிறீர்கள் என்றால் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' ஃபைலில் ஷெல், பைத்தான் ஸ்கிரிப்ட்களுக்கு வரி முடிவு 'எல்எஃப்' என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த விண்டோஸ் கணினியிலிருந்து அது திரும்பி வந்துவிடும்.

மூன்று முறை நிறுவிய தம்பிக்கு இருந்தது இதுதான். விடுதியில் நண்பரின் விண்டோஸ் மடிக்கணினியில் எழுதி, பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார்.

வரி முடிவு சரியாக இருந்தும் இதே செய்தி வந்தால் பாதையைப் பாருங்கள். உங்கள் கணினியில் ஓரிடத்தில் உள்ள பைத்தான், சர்வரில் வேறிடத்தில் இருக்கலாம். தொகுக்கப்பட்ட நிரல் ஒன்றை, ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் உள்ள கன்டெய்னருக்குள் ஓட்டும்போதும் இது வரும். அங்கே காணாமல் போவது அந்த நிரலை ஏற்றிவிடும் லோடர். அடிப்படை ஒன்றுதான்: பெயர் சொல்லப்பட்ட ஃபைல் இருக்கிறது, அதற்குத் தேவையான இன்னொன்று இல்லை.

அறிகுறி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் கிரான், உங்களைப் போல லாகின் செய்து வருவதில்லை. கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் உங்கள் 'பாத்' அமைப்பு அதற்குத் தெரியாது. 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்பது அதனால். உங்கள் ஃபோல்டரிலும் அது நிற்பதில்லை. 'டேட்டா.சிஎஸ்வி' என்று வெறும் பெயர் கொடுத்துத் திறந்திருந்தால் அதை வேறு ஃபோல்டரில் தேடும். இரண்டுக்கும் மருந்து முழுப் பாதை எழுதுவது.

அறிகுறி: அனுமதி எல்லாம் கொடுத்தாயிற்று, 'பெர்மிஷன் டினைட்' போகவில்லை

அனுமதி தரும் 'சிமாட்' கட்டளை போட்டும் தீரவில்லை என்றால் ஃபைலை விட்டுவிட்டு அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். அந்த டிஸ்க் 'நோஎக்ஸெக்' என்று இணைக்கப்பட்டிருந்தால் அதில் உள்ள எதையும் நேரடியாக ஓட்ட முடியாது. பாதையில் உள்ள ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் நுழைய அனுமதி இல்லாவிட்டாலும் இதே செய்திதான்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. ஓட்டும் அனுமதி இல்லாத ஸ்கிரிப்டை, நிர்வாகி அதிகாரம் தரும் 'சூடோ' போட்டு ஓட்டினால் அது 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லும். அனுமதிப் பிரச்சினையைக் காணவில்லை என்று அறிவிக்கிறது. இதில் சிக்கியவர்கள் ஸ்பெல்லிங்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அறிகுறி: குற்றமில்லாத வரியில் 'சின்டாக்ஸ் எர்ரர்'

எட்டாவது வரியில் பிழை என்கிறது. எட்டாவது வரி தெளிவாக இருக்கிறது. ஏழாவது வரியைப் பாருங்கள். அடைப்புக்குறி ஒன்று மூடாமல் இருக்கும். மூடாத வரைக்கும் அடுத்த வரியும் அதன் தொடர்ச்சி என்றே பைத்தான் வாசிக்கிறது. அர்த்தம் கெடும் இடத்தில்தான் நிற்கிறது. அது நின்ற இடம் எட்டு, நாம் தவறிய இடம் ஏழு.

2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து, திறந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று திறந்த இடத்தையே காட்டுகிறது. 3.9இல், வரிகளைப் பிரித்துப் படிக்கும் பார்சரை மாற்றி எழுதியதன் பலன் இது. பழைய பதிப்பில் கற்பவர்களிடம் முதலில் பதிப்பை உயர்த்தச் சொல்வேன். அவர்களுக்கு நான் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

பதிப்பே பிழையாக இருப்பதும் உண்டு. 'மேட்ச்' வாக்கியம் 3.10இல்தான் வந்தது. சர்வரில் 3.8 இருந்தால் சரியான வரியைப் பார்த்து 'இன்வாலிட் சின்டாக்ஸ்' என்று சொல்லும். வரியில் தவறே இல்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஷெல் ஸ்கிரிப்டில் 40 வரி இருக்கும். 41ஆம் வரியில் 'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்' என்று வரும். எங்கோ ஒரு 'இஃப்' தன் 'ஃபை' இல்லாமல் நிற்கிறது, அல்லது ஒரு மேற்கோள்குறி மூடவில்லை. மேலே சொன்ன 13ஆம் எண் பைட்டும் இதைச் செய்யும்.

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த கோடை ஒட்டினால் வளைந்த மேற்கோள்குறிகளும் உடையாத இடைவெளியும் கூடவே வரும். புதிய பைத்தான் அந்த எழுத்தின் எண்ணைக் காட்டிவிடும். அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுவதே விரைவு.

அறிகுறி: 'ரேண்டம்' மாட்யூலில் 'ரேண்ட்இன்ட்' இல்லை என்கிறது

உங்கள் ஃபோல்டரில் 'ரேண்டம்.பிஒய்' என்ற பெயரில் நீங்களே ஒரு ஃபைல் வைத்திருக்கிறீர்கள். பைத்தான் முதலில் ஸ்கிரிப்ட் உள்ள ஃபோல்டரைத்தான் பார்க்கும். சில சமயம் 'சர்க்குலர் இம்போர்ட்' காரணமாக இருக்கலாம் என்றும் செய்தி ஊகம் சொல்லும். மாணவர்கள் அந்தச் சொல்லைத் தேடிக் காடு மலையெல்லாம் சுற்றுவார்கள். ஃபைலுக்கு வேறு பெயர் வையுங்கள், முடிந்தது. 3.13 பதிப்பு இதைக் கண்டுபிடித்துப் பெயரை மாற்றச் சொல்லியே ஆலோசனை தருகிறது.

அறிகுறி: நிறுவிய பின்னும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்'

கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது. லைப்ரரிகளை நிறுவும் 'பிப்' ஒன்றில் போட்டது. நீங்கள் ஓட்டுவது மற்றொன்றை. ஸ்கிரிப்டின் தலையில் 'சிஸ்.எக்ஸிக்யூடபிள்' என்பதை அச்சிட்டுப் பார்த்தால் எது ஓடுகிறது என்று தெரியும். இனி வெறும் 'பிப்' என்று தட்டாதீர்கள். 'பைத்தான், ஹைஃபன் எம், பிப், இன்ஸ்டால்' என்று தட்டுங்கள், எந்த பைத்தானோ அதற்கே போகும். நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் வேறாக இருப்பதையும் மறக்க வேண்டாம்: 'பில்லோ' என்று நிறுவி 'பிஐஎல்' என்று அழைக்கிறோம்.

அறிகுறி: தமிழ் ஃபைலைத் திறந்ததும் 'சார்மேப் கோடெக்' படிக்க முடியவில்லை என்கிறது

இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தமிழில் வேலை செய்பவர்களை இது தேடி வந்து பிடிக்கிறது. ஆங்கிலப் பாடக் குறிப்புகளில் இதற்கு இடமே இருப்பதில்லை.

நம் தமிழாசிரியர் ஐயா, வருகைப் பட்டியலைத் தமிழில் தட்டி ஒரு ஃபைலில் வைத்திருந்தார். பைத்தானில் திறந்ததும், 11ஆம் இடத்தில் உள்ள 8டி (பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண்) என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று வந்தது. அவர் 11ஆவது எழுத்தை எண்ணிக் கண்டுபிடித்து, அதை அழித்துவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தார். அதே செய்தி. "என் தட்டச்சில் பிழையோ அம்மா?" என்று கேட்டார். அவருடைய தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை.

ஃபைலின் முதல் சொல் 'வணக்கம்'. எழுத்துகளை பைட்களாக எழுதும் முறைக்கு என்கோடிங் என்று பெயர். யூடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். செய்தியில் வரும் இடம் பைட் கணக்கு, அதுவும் சுழியத்திலிருந்து. வ, ண, க மூன்றும் 0 முதல் 8 வரை. 9, 10, 11 ஆகிய மூன்றும் க்-இன் மேல் உள்ள புள்ளி. அதன் மூன்று பைட்கள் ஈ0, ஏஎஃப், 8டி.

சிங்கப்பூரில் ஆங்கில அமைப்போடு வரும் விண்டோஸ் கணினிகளில், என்கோடிங் சொல்லாமல் திறந்தால், பைத்தான் ஃபைலை 1252 என்ற பழைய மேற்கத்திய கோட்பேஜில் படிக்கிறது. அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. நம் புள்ளி 8டியில் முடிகிறது. உகரக் குறி 81இல் முடிகிறது. ஏ என்ற எழுத்து 8எஃப்பிலும், ஐ 90இலும். புள்ளியோ உகரமோ இல்லாமல் தமிழில் ஒரு பத்தி எழுத முடியுமா? அதனால்தான் இந்தச் செய்தி நம்மை விடுவதே இல்லை.

செய்தி வராத இடம் இதைவிட மோசம். 'தாமரை' என்ற சொல்லின் எந்த பைட்டும் அந்த ஐந்தில் விழாது. பைத்தான் ஒன்றும் சொல்லாமல் படித்துவிடும். உள்ளே போவது பொருளற்ற லத்தீன் குப்பை. செய்தி வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

திறக்கும் வரியில் 'என்கோடிங்' என்பதற்கு 'யூடிஎஃப்-8' என்று எழுதுங்கள். எழுதும்போதும் அப்படியே. முழுக் கணினிக்கும் வேண்டுமானால் 'பைத்தான்யூடிஎஃப்8' என்ற சூழல் மாறிக்கு 1 கொடுங்கள், 3.7 முதல் வேலை செய்யும். சீன மொழி அமைப்புள்ள கணினியில் இதே கோளாறு 'ஜிபிகே கோடெக்' என்ற பெயரில் வரும். இங்கே அலுவலகங்களில் அதுவும் அடிக்கடி கண்ணில் படும். மருந்து ஒன்றுதான்.

இன்னொரு வேடமும் இதற்கு உண்டு. திரையில் தமிழ் அழகாக அச்சாகிறது. அதே வெளியீட்டை அம்புக்குறி போட்டு ஒரு ஃபைலுக்குத் திருப்பினால் 'என்கோட் செய்ய முடியவில்லை' என்று விழுகிறது. விண்டோஸில் பைத்தான் 3.6 முதல் திரைக்கு யூனிகோடில் எழுதுகிறது. ஃபைலுக்குத் திருப்பும்போது பழைய கோட்பேஜுக்கே போய்விடுகிறது. மேலே சொன்ன சூழல் மாறி இதையும் தீர்க்கும்.

அறிகுறி: கண்ணுக்குத் தெரியும் தலைப்புக்கு 'கீ எர்ரர்'

சிஎஸ்வி ஃபைலின் முதல் தலைப்பு 'பெயர்'. கோடிலும் 'பெயர்'. இல்லை என்கிறது. எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்தால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேரும். அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் போய்விடும். முதல் தலைப்பு மட்டும் கிடைக்காமல் மற்றவை கிடைத்தால் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாத் தலைப்பிலும் ஆங்காங்கே நடந்தால் தமிழ் எழுத்தின் உள்ளமைப்பைப் பாருங்கள். 'கொ' என்பதை க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைத்தானுக்கு வேறு வேறு. 'கோ'வுக்கும் 'கௌ'வுக்கும் இப்படித்தான். 'யூனிகோட்டேட்டா' மாட்யூலில் உள்ள 'நார்மலைஸ்' மூலம் எல்லாவற்றையும் 'என்எஃப்சி' வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் இரண்டு சொல்லையும் 'ஆஸ்கி' என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு அச்சிடுங்கள். ஒவ்வொரு குறியும் தன் எண்ணோடு வெளியே வந்து நிற்கும்.

அறிகுறி: ஜேசனில் 'எக்ஸ்பெக்டிங் வேல்யூ', முதல் வரி, முதல் இடம்

பேருந்து வரும் நேரத்தை இழுத்துக் காட்டும் ஸ்கிரிப்டை இங்கே கற்கும் எல்லோரும் ஒரு முறை எழுதிப் பார்க்கிறார்கள். பதில் ஜேசன் என்ற தரவு வடிவில் வர வேண்டும். முதல் இடத்திலேயே பிழை என்றால் வந்தது ஜேசனே இல்லை. காலியான பதிலாக இருக்கும், அல்லது 'சாவி தவறு' என்று சொல்லும் ஒரு வலைப்பக்கம். ஜேசனாக மாற்றும் முன் நிலை எண்ணையும் பதிலின் முதல் 200 எழுத்துகளையும் அச்சிடுங்கள். உண்மையான செய்தி அதற்குள் இருக்கும்.

அறிகுறி: பாதி டிஸ்க் காலி, 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்கிறது

'டிஎஃப்' கட்டளையோடு 'ஹைஃபன் ஐ' சேர்த்துப் பாருங்கள். இடம் இருந்தாலும், ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோட் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோட் தேவை. இலட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள் சேர்ந்தால் கணக்கு முடிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் 'வாட்ச்சர்ஸ்' என்ற சொல்லோடு இந்தச் செய்தி வந்தால் அதற்கும் டிஸ்குக்கும் தொடர்பே இல்லை. கண்காணிக்கக்கூடிய ஃபைல்களின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டிருக்கிறது. கெர்னலில் அந்த வரம்பை உயர்த்த வேண்டும்.

'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு ஸ்கிரிப்ட் செத்தால், பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து கெர்னல் அதை நிறுத்தியிருக்கிறது. 'டிமெசேஜ்' என்று நாம் சொல்லும் கெர்னல் பதிவில் பார்க்கலாம்.

அறிகுறி: செய்தியே இல்லை, நேரம் மட்டும் தப்பு

சர்வர் பெரும்பாலும் உலக நேரத்தில் ஓடும். கிரானில் காலை 8 என்று எழுதினால் சிங்கப்பூரில் மாலை 4 மணிக்கு ஓடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது, எட்டு மணி நேரம் என்றதும் எவருக்கும் பொறி தட்டும்.

1 மணி 5 நிமிட வித்தியாசம்தான் ஆளைக் குழப்பும். காலை 8 மணி நினைவூட்டல் 9:05க்கு வருகிறது என்று ஒரு மாணவி கொண்டுவந்தார். 'பைடிஇசட்' லைப்ரரியின் சிங்கப்பூர் மண்டலத்தை, தேதியின் 'ரீப்ளேஸ்' வழியாக நேரே ஒட்டியிருந்தார். அப்படி ஒட்டினால் அந்த மண்டலத்தின் மிகப் பழைய பதிவு வந்து உட்காரும்: தீவின் உள்ளூர்ச் சூரிய நேரம், உலக நேரத்தைவிட 6 மணி 55 நிமிடம் முன்னால். இப்போதைய 8 மணி நேரக் கணக்கு 1982 ஜனவரி 1 அன்று கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளியபோதுதான் வந்தது. 'பைடிஇசட்'டில் 'லோக்கலைஸ்' என்பதைப் பயன்படுத்த வேண்டும். பைத்தான் 3.9 முதல் உள்ளேயே வரும் 'ஸோன்இன்ஃபோ'வுக்கு மாறிவிட்டால் 'ரீப்ளேஸ்' செய்தாலும் சரியாகவே இருக்கும். அந்த மாணவி ஒரு வரியை மாற்றினார். அடுத்த நாள் நினைவூட்டல் 8 மணிக்கு வந்தது.